சமன் என்று நான் சொன்ன ஆட்டம்

"ட்ரோ எடுப்பமா அக்கா?"

இதைக் கேட்டபோது என் குரலில் கெஞ்சல் இருக்கவில்லை. பலகையைப் பார்த்தால் யாரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். மூன்று மணித்தியாலம் விளையாடியாயிற்று. ராணிகள் இல்லை, கோட்டைகள் இல்லை. இருவரிடமும் ஆளுக்கு ஆறு சிப்பாய்கள், ஒரு ராஜா, கூட இரண்டு காய்கள். சண்டை பிடிக்க ஒன்றுமே மிச்சமில்லை.

மதுரங்குளியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் அது. மின்விசிறி ஒன்றுதான் சுற்றியது. வீதியில் லொறி போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மற்ற மேசைகள் எல்லாம் முடிந்து, கதிரைகளைக்கூட அடுக்கிவிட்டார்கள்.

எதிரே இருந்த ஹாஜரா அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. அபாயாவின் கையை மணிக்கட்டுக்கு மேலே கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் விளையாடிப் பாப்பம் தங்கச்சி," என்றார்.

எனக்கு முகம் சுட்டது.

ஒரு சேட்டுக்காக

எனக்கு ஏன் அந்தச் சமநிலை அவ்வளவு தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மாவட்டத்தின் பெண்கள் பிரிவில் நாங்கள் ஆறு பேர்தான். ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரோடும் ஒவ்வோர் ஆட்டம் விளையாட வேண்டும். இதுதான் கடைசி ஆட்டம். இதில் அரைப் புள்ளி கிடைத்தால் நான் முதலாவது. தோற்றால் சிலாபத்துப் பிள்ளை நிலூஷி முதலாவது. முதலாவதாக வருகிறவர் மாவட்டத்துக்காகத் தேசிய மட்டத்தில் விளையாடப் போவார். போகிறவருக்கு நீல நிறத்தில் ஒரு சேட், அணிச் சட்டை, கொடுப்பார்கள். அதன் முதுகில் மூன்று மொழியிலும் 'புத்தளம்' என்று எழுதியிருக்கும்.

நாற்பது வயதில் நான் அந்தச் சேட்டுக்கு ஆசைப்பட்டேன்.

நான் வன்னியில் பிறந்தவள். உடப்பில் கலியாணம் கட்டி வந்து, இந்தக் கரையிலேயே பிள்ளைகளையும் பெற்றுவிட்டேன். தபாற் கந்தோரில் வேலை. ஆனாலும் பதிவுத் தபாலுக்கு ரசீது எழுதிக் கொடுக்கும்போது யாராவது ஒருவர் கேட்பார்: "நீங்க இஞ்சத்த ஆளில்லையே பிள்ளை?" குறையாகக் கேட்பதில்லை. என் பேச்சு அப்படி. நானும் சிரித்துக்கொண்டே "இல்லை" என்பேன்.

வாழ்க்கையில் என்னை யாரும் எதற்கும் தெரிவு செய்ததில்லை. இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருந்தது. வலைப்பந்து அணிக்குப் பெயர் கொடுத்தால், அணி தெரிவாகும் முன்பே அடுத்த ஊருக்குப் போய்விடுவோம். செஸ் மட்டும்தான் கூடவே வந்தது. சீமெந்துப் பையின் உட்பக்கத்தில் கட்டம் கீறி, சோடா மூடிகளின் மேல் பேனையால் எழுத்துப் போட்டு விளையாடியிருக்கிறோம். மூடி நெளிந்தால் அது குதிரை.

இந்தக் கடைசி ஆட்டத்துக்கு வந்த அன்று காலை என் கணவர் வள்ளத்து எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிறீஸ் கையோடேயே என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். "அரைப் புள்ளி எடுத்தாக் காணும் என்ன?" என்று மூன்று தரம் கேட்டார். அவருக்குக் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது.

தண்ணீர் பார்க்கிறவர்

ஹாஜரா அக்காவுக்கு அந்த ஆட்டத்தில் கிடைக்க ஒன்றுமே இல்லை. அதுதான் என்னை எரிச்சற்படுத்தியது. அவர் முதலாவது ஆட்டத்துக்கே வரவில்லை. கற்பிட்டிப் பக்கம் ஒரு இறால் பண்ணையில் தண்ணீர் பார்க்கிற வேலை அவருக்கு. காலையும் பின்னேரமும் ஒவ்வொரு குளத்திலும் தண்ணீர் அள்ளி, உப்பு எவ்வளவு, நிறம் எப்படி என்று பார்த்து எழுத வேண்டும். அன்றைக்கு ஒரு குளத்தில் காற்றடிக்கிற இயந்திரம் நின்றுபோனதால் அவரால் கிளம்ப முடியவில்லை. வராத ஆட்டம் தோல்விதான். பிறகு இன்னொன்றிலும் தோற்றுவிட்டார். வென்றாலும் தோற்றாலும் அவருக்கு மூன்றாம் இடம்தான்.

அவர் செஸ் பழகியது போனில். ஒரு குளத்துக்கும் அடுத்த குளத்துக்கும் இடையில் காத்திருக்கும் நேரங்களில், யாரென்றே தெரியாத ஆட்களோடு விளையாடுவாராம். "ஒருத்தன் பிரேசில் எண்டான். நான் கற்பிட்டி எண்டன். அவனுக்கு விளங்கேல்ல, போனைத் திருப்பித் திருப்பிப் பாத்திருப்பான் போல," என்று முந்தின ஆட்ட நாளொன்றில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கதையில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அவர் புத்தளத்து முஸ்லிம்கள் கதைக்கிற மாதிரிக் கதைக்கவில்லை.

"அக்கா, உங்கட ஊர் எது?"

"மன்னார்த் தீவு. பத்து வயசில வந்தது. வாப்பா, உம்மா, நாங்க அஞ்சு பேர். வள்ளத்தில."

"என்னத்தைக் கொண்டு வந்தீங்க?"

"உடுத்த உடுப்பு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வடக்கிலிருந்து முஸ்லிம்களை எங்கள் தமிழ் இயக்கக்காரர் எப்படி ஒரேயடியாக வெளியே அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்போது நான் பாலர் வகுப்பு. அதில் எனக்குப் பங்கில்லை. ஆனாலும் அந்தக் கதை வரும்போதெல்லாம் நான் பார்வையைத் தாழ்த்திவிடுவேன். அன்றும் சோற்றுப் பார்சலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

கடைசி ஆட்டத்தில் அவர் என் சமநிலையை மறுத்தபோது முதலில் மனதுக்குள் வந்தது அந்த வள்ளம்தான். இவருக்கு எங்கட ஆக்களில கோவம், அதுதான் என்னைப் போக விடுகிறாரில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த பிறகு அது போகவே இல்லை.

மூன்றும் மூன்றும்

செஸ் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

அவரிடம் மிஞ்சியிருந்த இரண்டு காய்களும் மந்திரிகள். என்னிடம் ஒரு மந்திரியும் ஒரு குதிரையும். மந்திரிக்கும் குதிரைக்கும் ஒரே பெறுமதி, மூன்று மூன்று என்றுதான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். மந்திரி சரிவாகத் தூரம் போகும். ஆனால் வெள்ளைக் கட்டத்தில் பிறந்தது சாகும்வரை வெள்ளைக் கட்டத்தில்தான். கறுப்பும் அப்படியே. குதிரை தூரம் போகாது, ஆனால் எல்லாக் கட்டத்துக்கும் போகும். ஆக, சமன்.

ஒரு மந்திரி பாதிப் பலகைக்குக் குருடு. இரண்டு மந்திரியும் ஒருவரிடமே இருந்தால் அந்தப் பலகையில் குருட்டு இடமே இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. சிறு வயதிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்பட்டது வேறு, அதற்கு முன்னால் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பது வேறு.

குதிரைக்கு நிற்க இடமில்லை

ஹாஜரா அக்கா செய்தது என்ன? ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் முதலில் தோன்றியது.

ஒரு சிப்பாயை ஒரு கட்டம் முன்னே வைத்தார். ஏன் என்று விளங்கவில்லை. பிறகு ராஜாவை ஒரு கட்டம். பிறகு இன்னொரு சிப்பாய். எந்தக் காயையும் அவர் பயமுறுத்தவில்லை. ஒவ்வொன்றும் வைத்த பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். எனக்குக் கோபம் கூடிக்கொண்டே வந்தது. சும்மா இழுக்கிறார் என்று நினைத்தேன்.

அவருடைய கறுப்புக் கட்ட மந்திரி உள்ளே நுழையாதபடி என் சிப்பாய்களைக் கறுப்புக் கட்டங்களில் நிறுத்தி வழியை அடைத்தேன். அது புத்திசாலித்தனம் என்றே பட்டது. பிறகு குதிரையை எங்கே வைக்கலாம் என்று பார்த்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். நடுவில் நான் நினைத்த கட்டத்தை அவர் முதலில் வைத்த சிப்பாய் பார்த்துக்கொண்டு நின்றது; போனால் வெட்டும். மற்றக் கட்டத்தை மற்றச் சிப்பாய். காரணமில்லாமல் வைத்தார் என்று நான் நினைத்த ஒவ்வொன்றும் என் குதிரை கால் வைக்கக்கூடிய ஒவ்வோர் இடத்தை எடுத்துவிட்டிருந்தது. மிச்சமிருந்தது இடப்பக்க ஓரம் மட்டும்தான். அங்கே போய், அடுத்த பாய்ச்சலில் நடுவுக்கு வரலாம் என்று நினைத்து ஓரத்துக்குப் போனேன்.

அவருடைய வெள்ளைக் கட்ட மந்திரி பலகையின் நடுவுக்கு வந்து நின்றது.

ஓரத்தில் நிற்கும் குதிரைக்கு நாலு வழி. நாலையும் எண்ணிப் பார்த்தேன். நாலையும் அந்த ஒரு மந்திரி பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டுக்கூட நிற்கவில்லை, மூன்று கட்டம் தள்ளி நின்றது. என் குதிரையை யாரும் வெட்ட வரவில்லை. அது போக முடியாது, அவ்வளவுதான்.

கோபத்துக்கு இடையிலும் என் கையில் புல்லரித்தது. இப்படி ஒரு அழகான பூட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பூட்டப்பட்டது நான்தான் என்பதைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டேன்.

ஒன்றைக் கொடுத்தார்

குதிரையை மீட்க என் ராஜாவை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நடத்தினேன். நாலு அடி. ராஜா பக்கத்தில் வந்து காவல் நின்றதும் குதிரை வெளியே பாய்ந்தது. வெட்டினால் நானும் வெட்டுவேன்.

அவர் யோசிக்கவே இல்லை. மந்திரியால் குதிரையை வெட்டினார். நான் ராஜாவால் அந்த மந்திரியை வெட்டினேன்.

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இரண்டு மந்திரி என்ற அந்தப் பெரிய பலத்தை அவர் தன் கையாலேயே உடைத்துவிட்டாரே. இப்போது ஆளுக்கொரு மந்திரி, இரண்டுமே கறுப்புக் கட்டத்தில் ஓடுகிறவை. சிப்பாய்களும் சமன். நான் இரண்டாம் தரம் கேட்டேன்.

"ட்ரோதானே அக்கா?"

தலையை மட்டும் ஆட்டினார். இல்லை.

"நங்கி, கேட்டது போதும். விளையாடுங்க," என்றார் நடுவர். சிலாபத்துச் சிங்களவர்; 'நங்கி' என்றால் அவர்கள் பாஷையில் தங்கச்சி. தமிழ் நன்றாகக் கதைப்பார். எங்களுக்காகப் பால் விடாத பிளேன்ரீ இரண்டு வாங்கி வந்து ஆறவைத்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் நான் வலப்பக்கத்தைப் பார்த்தேன். என் ராஜா குதிரையைத் தேடி இடப்பக்கம் நடந்த நாலு அடியில், அவருடைய ராஜா வலப்பக்கம் நாலு அடி நடந்திருந்தது. நடந்த கட்டங்கள் எல்லாம் வெள்ளை. என் சிப்பாய்களை எல்லாம் நான் கறுப்பில் அடுக்கியிருந்தேன் அல்லவா? வெள்ளைக் கட்டங்களைப் பார்க்க என்னிடம் யாருமே இல்லை.

என் ராஜாவைத் திருப்பி ஓடவிட்டேன். ஓடி, சரியான நேரத்துக்கு வந்தும் சேர்ந்துவிட்டேன். அவருடைய ராஜாவுக்கு முன்னால் என் ராஜா மறித்து நின்றது. என் மந்திரி பின்னால் நின்று இரண்டு சிப்பாய்களைக் காத்தது. எல்லாச் சிப்பாய்களும் ஒன்றுக்கொன்று முட்டி நின்றன. அவரால் ஒரு அடிகூட முன்னே வர முடியாது.

அவர் தன் மந்திரியை ஒரே ஒரு கட்டம் பின்னே இழுத்துவிட்டு ஆட்ட மணிக்கூட்டை அழுத்தினார்.

என் முறை.

ராஜாவை அசைத்தால் அவருடைய ராஜா உள்ளே வரும். மந்திரியை அசைத்தால் சிப்பாய் போகும். சிப்பாயை அசைக்க இடமில்லை. அப்படியே இருக்கவிட்டால் எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் செஸ்ஸில் உங்கள் முறை வந்தால் நீங்கள் அசைந்தே ஆகவேண்டும். அதை மட்டும் வைத்து அவர் என்னை வென்றுகொண்டிருந்தார்.

நான் பலகையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. ஒரு மணித்தியாலத்துக்கு முன் வைத்த அந்த முதற் சிப்பாயைப் பார்த்தேன். அது இல்லாவிட்டால் குதிரை ஓரத்துக்குப் போயிராது. குதிரை போகாவிட்டால் ராஜா போயிராது. ஒன்றின் பின்னால் ஒன்றாக எல்லாம் தெரிந்தன. கடலுக்கு முன்னால் தனியே நிற்கும்போது வருகிற ஒரு நடுக்கம் இருக்கிறதே, அது எனக்கு அந்த மேசையில் வந்தது.

இன்னும் ஏழெட்டு நகர்த்தல் விளையாடிவிட்டு, தோற்றேன் என்று ராஜாவைச் சரித்தேன்.

கேட்டுவிட்டேன்

நடுவர் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நிலூஷி விறாந்தையில் யாரிடமோ போனில் அழுதுகொண்டே சிங்களத்தில் சந்தோஷத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அந்த நீலச் சேட்டோடு அவள் நிற்கும் படம் வட்சப்பில் வந்தது. அவளுக்கு அளவாகத்தான் இருந்தது. நான் ஒரு இதயம் போட்டு அனுப்பினேன், உண்மையாகவே.

மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேரும், ஆறிப்போன பிளேன்ரீயும். ஹாஜரா அக்கா காய்களைத் திருப்பி அடுக்கத் தொடங்கினார்.

"ஏன் அக்கா ட்ரோ எடுக்கேல்ல? உங்களுக்கு இதில ஒண்டும் வரப்போறதில்லையே."

"விளையாட்டு முடியேல்லையே."

"எங்கட ஆக்களில உள்ள கோவமோ?"

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு மேசைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது.

அவர் கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். என்னை நேராகப் பார்த்தார். அன்று முழுவதும் அவர் அப்படிப் பார்த்தது அப்போதுதான்.

"கோவம் இரிக்கு. இல்லாம எப்பிடி? வாப்பா கண்ணை மூடி மௌத்தாகிற வரைக்கும் ஊர்க் கதைதான் கதைச்சவர்," என்றார். "ஆனா அது இதுக்குள்ள வரேல்ல தங்கச்சி. வந்திருந்தா நான் அவசரப்பட்டிருப்பன். அவசரப்பட்டா இந்த ரெண்டு மந்திரியும் வேலை செய்யாது."

அவர் இரண்டு மந்திரிகளையும் எடுத்து அந்தந்தக் கட்டத்தில் வைத்தார்.

"எனக்கு வெல்லுவன் எண்டு தெரியாது. உங்கட குதிரைக்கு நிக்க நல்ல இடமில்லை எண்டு மட்டும் தெரிஞ்சுது. அப்ப ஏன் விடோணும் எண்டு யோசிச்சன். வாங்க, எங்க பிழைச்சது எண்டு பாப்பம்."

காவலாளி வந்து மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்று சொல்லும்வரை இருவரும் தேடினோம். கிடைக்கவில்லை. எந்த இடத்தில் எதை மாற்றினாலும் அவருடைய மந்திரிகள் வேறொரு வழியால் வந்து நின்றன. இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம். போன் நம்பரை வாங்கிக்கொண்டு வெவ்வேறு பஸ்களில் ஏறினோம்.

கணவருக்கு போனில் சொன்னேன். "தோத்திட்டன்."

"ஐயோ. அழுகிறியே?"

"இல்லை. நீங்க பாத்திருக்கோணும். அப்பிடி ஒரு வேலை."

"சாப்பிட்டனியோ?" என்று கேட்டார்.

நாலாம் நாள்

அந்த ஆட்டம் என்னை விடவில்லை. முத்திரை குத்தும்போதும் கட்டங்கள்தான். அரிசி களையும்போதும் கட்டங்கள்தான். நாலாம் நாள் மத்தியானம், பாண் வாங்கப் பேக்கரியில் நிற்கும்போது, அது எனக்குத் தெரிந்தது.

குதிரையை மீட்கப் போயிருக்கவே கூடாது.

குதிரை ஓரத்தில் அடைபட்டுக் கிடந்தது, சரி. அதை அடைத்து வைத்திருக்க அவருடைய மந்திரிகளில் ஒன்றும் அங்கேயே நிற்க வேண்டுமே. மந்திரி போனால் குதிரை வெளியே வந்துவிடும். அடைபட்டவனுக்கு ஒரு காவற்காரன். அந்தக் காவற்காரனும் அங்கேயே கட்டுண்டு கிடக்கிறான். ராஜாவை வலப்பக்கத்திலேயே வைத்திருந்தால் அவருடைய ராஜா உள்ளே வந்திருக்க முடியாது. மற்ற மந்திரி வந்து குதிரையை வெட்டினாலும் என் சிப்பாய் அதை வெட்டும். மிஞ்சுவது அவருக்கு வெள்ளை மந்திரி, எனக்குக் கறுப்பு மந்திரி. ஒன்றையொன்று தொடவே முடியாத இரண்டு. அதில் யாரும் வெல்ல முடியாது.

பாணை வாங்காமலே வெளியே வந்து போன் எடுத்தேன். மறுபக்கம் காற்றும், குளத்து இயந்திரங்கள் தண்ணீரை அடிக்கிற சத்தமும்.

"அக்கா, குதிரையை அங்கயே விட்டிருந்தா?"

எந்த ஆட்டம் என்று அவர் கேட்கவில்லை. இயந்திரச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. அவரிடம் பலகை இல்லை. குளக்கட்டில் நின்றபடி முழு ஆட்டத்தையும் மனதுக்குள் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"உங்கட ராஜா அங்கால போகாம நிக்கிது," என்றார் மெதுவாக.

"ஓம்."

"நான் கறுப்பால வெட்டினா நீங்க சிப்பாயால வெட்டுவீங்க."

"ஓம்."

பிறகு ஒரு பெருமூச்சு.

"அல்லாஹ். அப்ப அது சமன்தான். நீங்க அண்டைக்குக் கேட்டது சரி. நான் வெண்டதெண்டு சொல்லேலாது."

"இல்லை அக்கா," என்றேன். "சமன் பலகையில கிடந்திருக்கு. அதைக் காண எனக்கு நாலு நாள் வேண்டி வந்திருக்கு. நீங்கதான் வெண்டது."

அதை நான் மனதார நம்பினேன். இன்றும் நம்புகிறேன். சமனான ஒரு ஆட்டத்தில், சமன் என்று தெரியாமல், ஒரு கோபமும் இல்லாமல், ஒவ்வொரு கட்டமாக எடுத்து என்னை அந்த மூலைக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர். பிழை என்னுடையதுதான். ஆனால் அந்தப் பிழையைச் செய்யாமல் இருப்பதை அவ்வளவு கஷ்டமாக்கியது அவருடைய வேலை.

மறுபக்கம் யாரோ கூப்பிட்டார்கள். "வாறன்" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தங்கச்சி, ஞாயித்துக்கிழமை லீவு எனக்கு. பாலாவியில என்ட வீடு. பலகையையும் கொண்டு வாங்க. குதிரை ஓரத்தில நிக்கிற இடத்திலயிருந்து விளையாடுவம். நீங்க ராஜாவை அசைக்க வேணாம். ரெண்டு மந்திரியும் எனக்கு."

"அது சமன் எண்டு இப்பதானே சொன்னீங்க?"

"ஓம், சமன்தான்," என்றார் ஹாஜரா அக்கா. "வாங்க."